முள்ளோடு சாப்பிடுங்கள்

பெப்ரவரி 8, புதன்

பன்னீர்மலைத் தேயிலைத் தோட்டத்தில் கிளினிக் நாள். கர்ப்பிணிகளுக்கான போஷாக்குப் பொதிகள் ஒருவழியாக வந்து சேர்ந்தன. அரிசி, பருப்பு, கடலை, ஆளுக்கு நான்கு மீன் டின். இம்முறை டின்னில் இருப்பது சாளை. விரல் நீளச் சிறுமீன். தலையையும் வாலையும் நறுக்கி முள்ளோடு அடைத்தது.

பெண்கள் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "நாத்தம் அடிக்கும் மிஸ்." "சூடு மிஸ், புள்ள கலைஞ்சிரும்ங்கிறாங்க." "முள்ளு தொண்டைல குத்தாதா?" பதில் சொல்லி அலுத்து, ஒரு டின்னை அங்கேயே திறந்து ஒரு முழு மீனை முள்ளோடு மென்று காட்டினேன். சிரித்தார்கள். சிரிக்கும்போது சொன்னால்தான் மனதில் நிற்கும் என்பது மருத்துவமாதாக என் இருபத்திரண்டு வருட அனுபவம். அப்போதே சொல்லி முடித்தேன். முள் வெந்து மெத்தென்று இருக்கும். சுண்ணாம்புச் சத்து அந்த முள்ளில்தான் இருக்கிறது. ஒரு குவளைப் பால் கொடுப்பதைவிடக் கூடுதல். சதையில் புரதம், இரும்பு, இரத்தம் ஊறுவதற்கான பி12. கொழுப்பில் பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய எண்ணெய். சிறிய மீன் என்பதால் பாதரசப் பயமும் குறைவு. உப்பு மட்டும் கொஞ்சம் கூட. தண்ணீரில் அலசிவிட்டுச் சமைக்க வேண்டும்.

பின்வரிசை வாங்கில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. யோகராணி. இருபத்தொன்பது வயது, கொழுந்து பறிப்பவள், ஐந்து மாதம். இது நான்காவது கர்ப்பம். கையில் இருப்பது ஒரு பெண் பிள்ளை. மற்ற இரண்டும் வயிற்றிலேயே போய்விட்டன. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.4. குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும். கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் துணி மாதிரி இருக்கிறது. டின்களை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

பெப்ரவரி 16, வியாழன்

யோகராணியின் வீட்டுக்குப் போனேன். மேல் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக்கு முந்தைய காம்பரா. கணவன் மனோகரன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். வீட்டில் இவள், ஐந்து வயது மகள், மாமியார் மூக்காயி மூவரும்தான்.

"மீன் சாப்பிடுறியா?"

"சாப்புடுறேன் மிஸ். வாரத்துக்கு ரெண்டு டின்னு."

அரிசி வாளிக்குப் பின்னால் நான்கு டின்களும் திறக்காமல் அடுக்கியிருந்தன. நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டாள். மூக்காயிதான் வாயைத் திறந்தார்.

"அவள வையாதீங்க மிஸ். நான்தான் நேந்துக்கிட்டேன். ரெண்டு புள்ள வயித்துலயே போச்சு. இந்தப் புள்ள நல்லபடியா பொறந்து முடியெறக்குற வரைக்கும் இவ மீனு, கவுச்சி, முட்டை எதையும் தொடமாட்டான்னு மாரியம்மாகிட்ட மஞ்சத்துணில முடிஞ்சு வச்சிருக்கேன்."

"இரத்தமே இல்லாம இருக்கா அம்மா. பிள்ளை பெறும்போது இரத்தம் போனா தாங்கமாட்டா."

"அத அவ பாத்துக்குவா." அவர் சொன்ன 'அவ', மாரியம்மன்.

பருப்பு, முருங்கைக்கீரை, கடலை எல்லாம் சொன்னேன். இரும்பு மாத்திரை போட்டால் வாந்தி வருகிறதாம்; இரண்டு நாளுக்கு ஒன்றுதான் போடுகிறாளாம். கோபத்தை அடக்கிக்கொண்டு இறங்கினேன். மாரியம்மனுக்கு ஹீமோகுளோபின் கணக்குத் தெரியுமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

மார்ச் 1, புதன்

யோகராணி 8.1. இறங்குகிறது.

மார்ச் 6, திங்கள்

அவளைத் தனியாகத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூப்பிட்டேன். கொழுந்து நிறுத்து முடித்து, கூடையோடு வந்தாள்.

இன்று நான் கடுமையாகப் பேசினேன். போன வருடம் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் இரத்தம் போய் இறந்த பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவளுடைய பிள்ளை இப்போது யார் கையில் வளர்கிறது என்றும் சொன்னேன். யோகராணி கூடையின் கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"சாமி குத்தம் ஆயிராதா மிஸ்?"

"பிள்ளைக்காகத்தானே நேர்த்தி? பிள்ளைக்காகத்தானே சாப்பாடும்? சாமிக்கு அது விளங்கும்."

"மாமி ஒருக்காலும் விடமாட்டாங்க."

"வீட்டுல சாப்பிட வேணாம். இங்க வந்து சாப்பிடு. நானே சமைச்சுத் தாறேன். யாருக்கும் தெரியாது."

கூடையைக் கீழே வைத்தாள். பிறகு, "புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுதானே?" என்றாள்.

ஆகாது என்றேன்.

மார்ச் 8, புதன்

டிஸ்பென்சரியின் பின்னறையில் அடுப்பு மூட்டினேன். டின்னைத் திறந்து, உப்புத்தண்ணீரை வடித்து, இரண்டு தரம் அலசினேன். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை போட்டு வதக்கி, மீனைச் சேர்த்து, இறக்கித் தேசிக்காய் பிழிந்தேன். வாடை ஊருக்கே தெரிந்திருக்கும். நல்லவேளை காற்று பள்ளத்தாக்குப் பக்கம் அடித்தது.

முதல் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். சாப்பிட்டாள். உடனே வெளியே ஓடி வாந்தி எடுத்தாள். அழுதாள். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, மறுபடி உட்கார்ந்தாள். இரண்டாம் முறை தங்கிற்று.

போகும்போது தேசிக்காய்த் தோலால் விரல்களைத் தேய்த்து முகர்ந்து பார்த்தாள். மறுபடி தேய்த்தாள்.

மார்ச் 29, புதன்

9.2! வாரம் மூன்று நாள் மீன். இப்போது மாத்திரையையும் தவறாமல் போடுகிறாள். வெறும் வயிற்றில் போடாததால் வாந்தி இல்லை. எதனால் ஏறிற்று என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கிளினிக்குகளுக்குப் பொறுப்பான பெரிய டொக்டரிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "டின் மீனை வச்சே ஆஸ்பத்திரி நடத்துவீங்க போல" என்று சிரித்தார்.

யோகராணி இன்று தானாகவே முள்ளைத் தனியே எடுத்து மென்று தின்றாள். "இது மெத்துன்னு நல்லாத்தான் மிஸ் இருக்கு" என்றாள். பிள்ளை உதைப்பதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். நல்ல உதை.

ஏப்ரல் 11, செவ்வாய்

10.1. வருடப்பிறப்புக்கு மனோகரன் வந்திருக்கிறான். மூன்று நாட்களுக்கு மீன் வேண்டாம் என்றாள். சரி என்றேன்.

ஏப்ரல் 26, புதன்

கிளினிக். டொக்டர் வரவில்லை, டவுனில் கூட்டம். நாற்பத்து மூன்று பேர். விடுமுறைக்குப் பிறகு எல்லோரும் ஒரே நாளில். பிரஷர் கருவியின் குழாய் மறுபடி காற்று விடுகிறது. இரண்டு தரம் எழுதிக் கேட்டும் புதியது வரவில்லை. துணி சுற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டினேன். மூன்றரை பஸ்ஸை விட்டால் அடுத்தது இல்லை. கடைசிப் பதினொரு பேரையும் விரைவாக முடித்தேன். மூன்று பத்துக்கெல்லாம் பதிவேட்டை மூடிவிட்டேன். பஸ் கிடைத்தது.

யோகராணி கடைசிக்கு முன்னால். கால் வீங்குகிறது, செருப்பு நுழையவில்லை என்றாள். ஏழு மாதம் தாண்டினால் எல்லோருக்கும் வருவதுதான். மீனை இனி இன்னும் நன்றாக அலசிச் சமைக்கிறேன் என்றேன்.

மே 1, திங்கள்

விடுமுறை. நாள் முழுக்க மழை. துணி துவைத்தேன், காயவில்லை.

மே 4, வியாழன்

காலை எட்டு மணிக்குத் தோட்டத்திலிருந்து தொலைபேசி. யோகராணிக்கு நேற்றிலிருந்து தலைவலியாம். கண்முன்னால் மின்னுகிறது என்றாளாம். இன்று விடியலில் அடுப்படியில் விழுந்து வலிப்பு வந்திருக்கிறது. கம்பளியில் கிடத்தி நான்கு பேர் ரோட்டுவரை தூக்கி வந்து, கொழுந்து லொறியில் ஏற்றியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரஷர் 180/120.

தாய் பிழைத்துவிட்டாள். பிள்ளை, ஆண். இறந்து பிறந்தது.

மே 5, வெள்ளி

வார்டுக்குப் போனேன். முகம் அதைத்து, அடையாளம் தெரியாமல் கிடந்தாள். வார்டு டொக்டர் சிறியவர், என் மகன் வயது இருக்கும். கர்ப்பவதி அட்டையைக் கையில் வைத்திருந்தார்.

"ஒன்பது நாளைக்கு முந்தி 110/70 என்று இருக்கு. நீங்கதான் பார்த்தீங்களா?"

ஆமாம் என்றேன்.

"சிறுநீரில் புரதம் இல்லை என்றும் எழுதியிருக்கு."

ஆமாம் என்றேன்.

"சில பேருக்குத் திடீரென்றுதான் ஏறும்" என்று தானாகவே சொல்லிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

யோகராணி கண் திறந்தாள். உதடு வெடித்திருந்தது. "மிஸ், மீனாலயா?"

"இல்லம்மா. மீனால இல்ல."

"பின்ன?"

பேசாதே, ஓய்வெடு என்றேன்.

மே 6, சனி

டவுன் டிஸ்பென்சரியில் பிரஷர் கருவி ஒன்று இரவல் வாங்கிக்கொண்டு பன்னீர்மலைக்குப் போனேன். சனிக்கிழமை நான் வந்ததைப் பார்த்து எல்லோருக்கும் ஆச்சரியம். சும்மா ஒரு சுற்று என்றேன். மூன்று பிரிவுகளிலும் ஏறி இறங்கி, பத்து வீடுகள். ஒன்பது பேருக்குச் சரியாக இருக்கிறது. கீழ்ப்பிரிவில் சுமதிமலருக்கு 150/100. அவளைக் கையோடு கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். "சொல்லி அனுப்பியிருந்தா நேத்தே கூடைய வச்சிட்டு வந்திருப்பேனே மிஸ்" என்றாள்.

முழங்கால் வலி. மழை.

மே 17, புதன்

பேறுக்குப் பிந்திய வருகை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமே யோகராணி எல்லாவற்றையும் தானாகவே சொல்லிவிட்டாளாம். ஒளித்து மீன் தின்றதை. யாரும் கேட்காமலே.

மூக்காயி என்னை வாசலிலேயே நிறுத்தினார். "மச்சத்தத் தின்னு புள்ளைய முழுங்கிட்டா மிஸ். நீங்க படிச்சவங்க, உங்களுக்கு எங்க சாமி தெரியாது. இவளுக்குத் தெரியுந்தானே? உப்பு மீனு, கால் எப்புடி வீங்கிச்சு பாத்தீங்களா?"

மனோகரன் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். யோகராணி பின்பக்கம் விறகு அடுக்கும் இடத்தில் இருந்தாள். அவளுக்குத் தனித் தட்டு, தனிப் பாய். சாமிப்படம் இருக்கும் காம்பராவுக்குள் விடுவதில்லை. மகளைக்கூட அவள் தொடுவதில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். தடுப்பது மாமியார் இல்லையாம், யோகராணியேதானாம். "என் கை படவேணாம்" என்கிறாளாம்.

மார்பு பால் கட்டிக் கல்லாய் இருந்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, இறுக்கிக் கட்டி, என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன். நான் சொன்னதையெல்லாம் "சரிங்க மிஸ், சரிங்க மிஸ்" என்று கேட்டுக்கொண்டாள். அதுதான் தாங்கவில்லை. இவ்வளவு நடந்த பிறகும் நான் சொல்வதைக் கேட்கிறாள்.

மே 24, புதன்

கிளினிக் வாசலில் டின்கள். வாங்கிப்போன பெண்கள் இரவல் பாத்திரம் திருப்புவதுபோலக் கொண்டுவந்து வரிசையாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஒன்றுகூட அமுங்கவில்லை, துருப்பிடிக்கவில்லை.

மறுபடி பேசினேன். இந்த வருத்தம் மீனால் வருவதில்லை, உப்பாலும் வருவதில்லை, கர்ப்பத்தோடு சிலருக்கு வரும் பிரஷர் வருத்தம், மீன் உங்கள் இரத்தத்துக்கு, பிள்ளையின் எலும்புக்கு. யாரும் சிரிக்கவில்லை. ஒரு டின்னைத் திறக்கலாமா என்று நினைத்தேன். கை வரவில்லை.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்வாங்கில் இருந்த ஒரு புதுப்பெண் கேட்டாள்: "மீனால இல்லைன்னா, அந்தக்கா புள்ள எதனால மிஸ் செத்துச்சு?"

அவளுடைய அட்டையை வாங்கி, பெயரை எழுத ஆரம்பித்தேன்.

ஜூன் 2, வெள்ளி

நாட்குறிப்பில்கூட எழுதாமல் இருந்தேன். ஏப்ரல் 26 அன்று கடைசிப் பதினொரு பேருக்கும் நான் பிரஷர் பார்க்கவில்லை. சிறுநீர் சோதிக்கவில்லை. போன மாத எண்களைப் பார்த்துக் கொஞ்சம் மாற்றி எழுதினேன்.

ஜூன் 6, செவ்வாய்

பக்கத்து வீட்டுப் பெண் பஸ் நிறுத்தத்தில் என்னைக் கண்டு சொன்னாள்: யோகராணியை வெள்ளிக்கிழமை அவளுடைய அண்ணன் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். திரும்பக் கூப்பிடும் எண்ணம் இல்லை. மகள் இங்கேதான். "யோகராணியும் ஒண்ணும் சொல்லல மிஸ். 'நான் இருந்தா இவளுக்கும் ஆகாது'ன்னு அவளே துணிய மடிச்சு வச்சிருக்கா."

மகள் பெயர் தர்ஷிகா. ஐந்து வயது.

ஜூன் 8, வியாழன்

போனேன்.

போகும் வழியில் சொல்ல வேண்டியதை ஒழுங்குபடுத்திக்கொண்டே ஏறினேன். கருவி பழுது, டொக்டர் வரவில்லை, நாற்பத்து மூன்று பேர், பஸ். எல்லாம் உண்மை. வாசலுக்குப் போனதும் அதில் ஒன்றையும் சொல்லக்கூடாது என்று தெரிந்தது.

மூக்காயியையும் மனோகரனையும் உட்காரச் சொன்னேன். மனோகரன் நின்றுகொண்டே இருந்தான். யோகராணியைப் பின்பக்கமிருந்து கூப்பிட்டேன். கதவுநிலையோடு நின்றாள், உள்ளே வரவில்லை.

"பிள்ளை போனது மீனால இல்ல. நேர்த்தியை முறிச்சதாலயும் இல்ல. பிரஷரால. அதுக்கு எட்டு நாளைக்கு முந்தின கிளினிக்கிலயே அது ஏறியிருக்கும். கால் வீங்குதுன்னு இவ என்கிட்ட சொன்னா. நான் பிரஷர் பாக்கல. பாத்த மாதிரி அட்டையில எழுதினேன். பொய்யா எழுதினேன்."

கூரைத் தகரத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

மனோகரன்தான் முதலில் கேட்டான். "பாத்திருந்தா?"

"அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். மருந்து கொடுத்து, தேவைன்னா முந்தியே எடுத்திருப்பாங்க. நிச்சயமா பிழைச்சிருக்கும்னு சொல்ல முடியாது. பிழைக்க நிறைய வாய்ப்பு இருந்தது."

அவன் என்னை அடிக்க வருவான் என்று நினைத்தேன். வெளியே போய் மழையில் நின்றான்.

யோகராணி நிலையைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்தாள். "அப்ப மாரியம்மா கோவிக்கலையா மிஸ்?"

"இல்லம்மா."

"ஒரு மாசத்துக்கு மேல நான் இந்தக் கைய அடுப்புக்குள்ள வச்சிரலாமான்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். "வார்டுல உங்ககிட்ட கேட்டேனே. மீனாலயான்னு கேட்டேனே. பின்னன்னு கேட்டேனே."

"கேட்டே."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அதன்பிறகு அவள் அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை.

மூக்காயி எழுந்து உள்ளே போனார். பாத்திரச் சத்தம் கேட்டது. வீட்டுத் தட்டு ஒன்றில் சோறும் பருப்பும் போட்டுக் கொண்டுவந்து, நிலைக்கு இந்தப் பக்கம், சாமிப்படம் இருக்கும் காம்பராவுக்குள் வைத்தார். மருமகளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து அதன் முன்னால் உட்கார வைத்தார். தர்ஷிகா தூணுக்குப் பின்னாலிருந்து வந்து அம்மாவின் முதுகில் சாய்ந்தாள். யோகராணி அவளைத் தள்ளவில்லை.

என் பக்கம் திரும்பாமலே மூக்காயி சொன்னார்: "நீங்க கெளம்புங்க."

படியில் இறங்கும்போது பின்னால் யோகராணியின் குரல். தட்டைவிட்டு எழுந்து வந்திருந்தாள்.

"இத மேலிடத்துக்கு எழுதிக் குடுப்பீங்களா?"

"நாளைக்குக் கொடுப்பேன்."

"புவிதன்னு பேர் வச்சிருந்தோம். எழுதும்போது அந்தப் பேரோட எழுதுங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 9, வெள்ளி

பெரிய டொக்டர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். கருவி பழுதென்று எழுதினால் போதுமே, வேலை மிஞ்சுமே என்றார். அவர் கெட்டவர் இல்லை. பழுதான கருவியில் நான் பார்த்திருந்தால் அப்படி எழுதலாம், நான் பார்க்கவே இல்லை என்றேன். பதிவேட்டில் அன்றைய பதினொரு வரிகளையும் அவர் முன்னால் சிவப்பு மையால் அடித்து, 'பார்க்கப்படவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். விசாரணை முடியும்வரை கிளினிக்குக்குப் போக வேண்டாம் என்று சொன்னார்.

பிறகு ஒரு படிவம் நிரப்பக் கொடுத்தார். தாயின் பெயர், வயது, பிரிவு, கர்ப்ப வாரம், பிள்ளையின் எடை. இறந்து பிறந்த பிள்ளைக்குப் பெயர் எழுத அதில் இடமில்லை. எடைக்கான கட்டத்துக்கு மேலே கொஞ்சம் வெள்ளை இருந்தது. அங்கே எழுதினேன்: புவிதன்.